சந்திப்பில் சந்திக்கும் பெயர்கள்

ஒரு சாலைக்குப் பெயர் சூட்டுபவர்கள் வரலாற்றையும் பெருமையையும் எண்ணிப் பார்க்கிறார்கள். அந்தச் சாலை எங்கே தொடங்கி எதனோடு இணைய வேண்டும் என்று திட்டமிடுபவர்கள் நிலத்தின் மேடுபள்ளத்தையும் வாகனப் போக்குவரத்தையும் எண்ணிப் பார்க்கிறார்கள். இவ்விரண்டு வேலைகளும் பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால் நடைபெறுகின்றன. இதனால், இரு சாலைகள் கூடும் இடத்தில் நிற்கும் பெயர்ப்பலகைகள் சில வேளைகளில் யாரும் திட்டமிடாத இணைகளை உண்டாக்கிவிடுகின்றன. வாழ்நாளில் ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவர் ஒரே முனையில் நிற்பார்கள். பிறந்த ஊரை விட்டு வந்த தலைவர் ஒருவர், தலைநகரில் தம் ஊரின் பெயரையே மீண்டும் எதிர்கொள்வார். படிப்பவர் முகத்தில் புன்னகை அரும்பும்.

உலகின் பல நகரங்களில் இத்தகைய வேடிக்கைகள் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 'கவலையற்ற ஊர்' என்று பொருள்படும் கேர்ஃபிரீ என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 'சுகவாழ்வுத் தெரு' என்று பொருள்படும் தெருவும் 'சலிப்புச் சாலை' என்று பொருள்படும் சாலையும் சந்திக்கும் முனையைப் பயணிகள் நின்று படம் பிடித்துச் செல்கிறார்கள். அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவை மலேசியர்களுக்கு இல்லை. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இத்தகைய சந்திப்புகள் ஏராளம். அவற்றைக் கண்டு சிரிப்பதோடு, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் அறிந்துகொள்ளலாம்.

சந்தியும் சிம்பாங்கும்

சாலைகள் கூடும் இடத்தைத் தமிழர் 'சந்தி' என்றனர். மூன்று தெருக்கள் கூடினால் முச்சந்தி. நான்கு கூடினால் நாற்சந்தி. நாற்சந்தியைச் 'சதுக்கம்' என்றும் பழந்தமிழர் அழைத்தனர். புகார் நகரின் சதுக்கத்தில் காவல் பூதம் ஒன்று இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. மதுரையில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகள் ஆடி, சித்திரை, மாசி எனத் தமிழ் மாதங்களின் பெயர்களைத் தாங்கியுள்ளன. அங்கே மேல மாசி வீதியும் வடக்கு மாசி வீதியும் ஒரு முனையில் கூடுகின்றன. மாதம் ஒன்றுதான்; திசைதான் வேறு.

மலாய்மொழியில் சந்தியைச் 'சிம்பாங்' என்பர். மலேசியாவில் சிம்பாங் அம்பாட், சிம்பாங் ரெங்கம், சிம்பாங் பூலாய் எனப் பல ஊர்களின் பெயர்கள் இச்சொல்லில் தொடங்குகின்றன. பாதைகள் பிரியும் இடத்தில் மக்கள் நின்றார்கள், கடைகள் தோன்றின, கடைகளைச் சுற்றி ஊர் வளர்ந்தது. கடைசியில் சந்தியின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது. கிள்ளானில் உள்ள சிம்பாங் லீமா இதற்கு நல்ல சான்று. 'லீமா' என்றால் ஐந்து. அந்த வட்டாரத்தின் பெயரைத் தாங்கிய சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாடறிந்த பள்ளியாகும். அதன் பெயரைத் தமிழாக்கினால் 'ஐஞ்சந்தித் தமிழ்ப்பள்ளி' என்று ஆகும். ஒரு சாலைச் சந்திப்பின் பெயரைப் பல தலைமுறை மாணவர்கள் தங்கள் பள்ளிச் சட்டையில் சுமந்து சென்றிருக்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சம்பந்தம்

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்டிருந்த வீடுகள் அழிந்தன. அடுத்த ஆண்டில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹம், கட்டடங்களைச் செங்கல்லால் எழுப்ப வேண்டும் என்று வலியுறுத்தினார். செங்கல் சூளைகள் இருந்த பகுதி, 'செங்கல் களம்' என்னும் பொருளில் பிரிக்பீல்ட்ஸ் என்று அழைக்கப்பட்டது. பின்னர் இரயில்வேயில் வேலை செய்ய வந்த தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இங்கே குடியமர்ந்தனர்.

இப்பகுதியின் முதன்மைச் சாலை முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை எனப்பட்டது. இன்று அது ஜாலான் துன் சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய சங்கம் அது.

இந்தச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் சாலைகளுள் ஒன்று ஜாலான் தம்பிப்பிள்ளை. எனவே, சம்பந்தனும் தம்பியும் சந்திக்கும் முனை ஒன்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. தமிழ் அறிந்தவர்களுக்கு மட்டுமே இந்த வேடிக்கை புரியும். 'சம்பந்தம்' என்றால் உறவு. 'தம்பி' என்றால் உடன்பிறந்தவன். உறவுக்கும் தம்பிக்கும் சம்பந்தம் இருப்பதில் வியப்பென்ன? அதே வட்டாரத்தில் ஜாலான் தம்பி அப்துல்லாவும் உண்டு. தம்பிகள் இருவர் இருக்கிறார்களே, அண்ணன் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

துன் சம்பந்தன் தம்மையே சந்திக்கும் இடமும் உண்டு. முதன்மைச் சாலையோடு தொடர்புடைய சிறு சாலைகளுக்கு அதே பெயரையும் ஓர் எண்ணையும் சேர்த்து வைப்பது மலேசிய நகரங்களின் வழக்கம். அவ்வாறுதான் ஜாலான் துன் சம்பந்தன் 4 தோன்றியது. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் அதிலிருந்து பிரியும் ஜாலான் தெபிங்கில் அமைந்துள்ளது. 'தெபிங்' என்றால் கரை. கிள்ளான் ஆற்றை ஒட்டிய பகுதி என்பதை அந்தப் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

பிரிக்பீல்ட்ஸின் முகவரிகளும் சுவையானவை. இலங்கைத் தமிழர் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோவில் ஸ்காட் சந்தில் இருக்கிறது. மயில் மீது வரும் முருகப்பெருமானுக்கு ஆங்கிலேயப் பெயர் கொண்ட முகவரி! இளைஞர்களுக்காகத் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. ஜாலான் பாடாங் பெலியாவில் உள்ளது. 'பெலியா' என்பது இளையோரைக் குறிக்கும் மலாய்ச் சொல். இங்கே மட்டும் பெயரும் இடமும் சொல்லி வைத்தாற்போல் பொருந்தியிருக்கின்றன.

காலத்தில் பின்னோக்கிச் செல்லும் இரயில்

2003ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் ஓடிக்கொண்டிருக்கும் மோனோரெயிலுக்கு 11 நிலையங்கள் உள்ளன. அவற்றுள் பல, அருகிலுள்ள சாலைகளின் பெயர்களைப் பெற்றவை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து புறப்படும் இரயில் துன் சம்பந்தன், மகாராஜாலேலா, ஹங் துவா ஆகிய நிலையங்களில் அடுத்தடுத்து நிற்கிறது.

இம்மூன்று பெயர்களையும் வரலாற்றுப் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். துன் சம்பந்தன் 20ஆம் நூற்றாண்டின் தலைவர். டத்தோ மகாராஜாலேலா 19ஆம் நூற்றாண்டில் பேராவில் வாழ்ந்தவர். 1875ஆம் ஆண்டில் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய அதிகாரி ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் கொல்லப்பட்ட எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர். ஹங் துவா 15ஆம் நூற்றாண்டு மலாக்காவின் வீரர் என்று போற்றப்படுபவர். ஆக, இந்த இரயில் சில நிமிடங்களில் ஐந்து நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடுகிறது.

இன்னொரு வியப்பும் இங்கே காத்திருக்கிறது. ஜாலான் மகாராஜாலேலாவின் பழைய பெயர் பர்ச் சாலை. பர்ச் என்னும் பெயரைத் தாங்கியிருந்த பலகை இறக்கப்பட்டது. பர்ச்சை எதிர்த்தவரின் பெயர் அதே இடத்தில் ஏற்றப்பட்டது. இதைத் தற்செயலான வேடிக்கை என்று சொல்ல முடியாது. விடுதலை பெற்ற நாடு தன் வரலாற்றைத் தானே எழுத விரும்பியதன் அடையாளம் இது.

ஹங் துவாவின் தோழர்களுக்கும் நகர மையத்தில் சாலைகள் உண்டு. ஹங் ஜெபாட், ஹங் கஸ்தூரி, ஹங் லெக்கிர், ஹங் லெக்கியூ ஆகிய நால்வரையும் அங்கே காணலாம். மலாய்க் காப்பியக் கதையில் ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் உயிர்த்தோழர்கள். அரசனுக்குக் காட்ட வேண்டிய விசுவாசமா, நண்பனுக்குச் செய்ய வேண்டிய நியாயமா என்னும் கேள்வி அவர்களைப் பிரித்தது. ஹங் துவாவின் கையாலேயே ஜெபாட் மாண்டார். கதையில் பகைவராகிப் பிரிந்தவர்கள் கோலாலம்பூரின் வரைபடத்தில் ஒரே வட்டாரத்தில் அமைதியாக இருக்கிறார்கள்.

பிறந்த மண்ணைச் சந்திப்பவர்கள்

மலேசியாவின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் 1922ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்தின் பெக்கானில் பிறந்தவர். கோலாலம்பூரில் அவர் பெயர் கொண்ட ஜாலான் துன் ரசாக், ஜாலான் பகாங்கோடு கூடுகிறது. கலைஞர் பி. ரம்லி 1929ஆம் ஆண்டில் பினாங்கில் பிறந்தவர். இரட்டைக் கோபுரத்திற்கு அருகில் ஜாலான் பி. ரம்லியும் ஜாலான் பினாங்கும் கூடுகின்றன. துன் பேராக் 15ஆம் நூற்றாண்டில் நான்கு சுல்தான்களின் ஆட்சிக்காலத்தில் மலாக்காவின் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக, பணியாற்றியவர். மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தின் அருகில் ஜாலான் துன் பேராக்கும் ஜாலான் மலாக்காவும் கூடுகின்றன. அரசு மறைந்து ஐந்து நூற்றாண்டுகள் ஆன பின்னரும் பெண்டஹாரா மலாக்காவை விட்டுப் பிரியவில்லை.

துன் பேராக்கின் பெயரில் மற்றொரு குறும்பும் உண்டு. 'பேராக்' என்னும் மலாய்ச் சொல் வெள்ளியைக் குறிக்கும்; ஒரு மாநிலத்தின் பெயரும் அதுவே. ஆகவே, சாலைப் பெயரை மட்டும் படிக்கும் அயலார், பேரா மாநிலமும் மலாக்கா மாநிலமும் கோலாலம்பூரில் எல்லை வகுத்துக்கொண்டன என்று எண்ணிக்கொள்ளலாம்!

இத்தகைய சந்திப்புகள் எவ்வாறு உண்டாயின? கோலாலம்பூரின் சாலைப் பெயர்களை அடுக்கடுக்காகப் பார்த்தால் விடை கிடைக்கும். முதல் அடுக்கில் இருப்பவை திசை காட்டும் பெயர்கள். பகாங்கை நோக்கிச் செல்லும் சாலை ஜாலான் பகாங். ஈப்போவை நோக்கிச் செல்வது ஜாலான் ஈப்போ. கிள்ளானை நோக்கிச் செல்வது கிள்ளான் சாலை. வழி கேட்பவருக்குச் சாலையின் பெயரே விடையாக இருந்த காலம் அது.

இரண்டாம் அடுக்கில் காலனித்துவ ஆட்சியினரின் பெயர்களும் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்தன. மவுண்ட்பேட்டன் சாலை, பாரி சாலை, ஃபோச் அவென்யூ போன்றவை இவ்வகையின. விடுதலைக்குப் பின்னர் மூன்றாம் அடுக்கு வந்தது. மவுண்ட்பேட்டன் சாலை ஜாலான் துன் பேராக் ஆனது. பாரி சாலை ஜாலான் பி. ரம்லி ஆனது. நகரைச் சுற்றிச் சென்றதால் 'சுற்றுச்சாலை' என்னும் பொருளில் ஜாலான் பெக்கலிலிங் எனப்பட்டது பின்னாளில் ஜாலான் துன் ரசாக் ஆனது. திசை காட்டும் பழைய பெயர்கள் பல மாறாமல் நின்றன. அவற்றைச் சந்திக்கும் சாலைகளின் பெயர்கள் மாறின. பழைய ஊர்ப்பெயரும் புதிய மனிதர் பெயரும் ஒரே முனையில் நிற்க நேர்ந்தது இவ்வாறுதான்.

இந்த மாற்றம் இன்னும் முடிந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டில் ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதிக்கு ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்று பெயர் மாற்றப்பட்டது. அவர் பேராவின் சுல்தானாகவும் நாட்டின் மாமன்னராகவும் இருந்தவர். பேராவின் தலைநகரான ஈப்போவின் பெயரும் பேரா சுல்தானின் பெயரும் இன்று ஒரே நெடும்பாதையில் அடுத்தடுத்து வருகின்றன.

பல இனத்தவர் கூடும் முனை

சீனர் கடைகள் நிறைந்த பெட்டாலிங் தெரு வட்டாரத்தில் நடந்து சென்றால் மலேசியாவின் பன்முகத்தன்மையைப் பெயர்ப்பலகைகளிலேயே படிக்கலாம். பெட்டாலிங் என்பது ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். சீனர்களோ அத்தெருவை 'மாவு ஆலைத் தெரு' என்னும் பொருளில் அழைக்கிறார்கள். கோலாலம்பூரை வளர்த்த கப்பித்தான் யாப் ஆ லோய் அங்கே மரவள்ளி மாவு ஆலை நடத்தியதே அதற்குக் காரணம். இத்தெருவை ஜாலான் ஹங் லெக்கிர் குறுக்கே வெட்டிச் செல்கிறது. மலாக்கா வீரர் ஒருவர் நாள்தோறும் சீனப் பலகாரக் கடைகளின் நடுவே நிற்கிறார்.

அதே ஜாலான் ஹங் லெக்கிர், ஜாலான் துன் எச்.எஸ். லீயையும் சந்திக்கிறது. துன் எச்.எஸ். லீ விடுதலை பெற்ற மலாயாவின் முதல் நிதியமைச்சர். அவருடைய பெயரைத் தாங்கிய இச்சாலையில்தான் தம்புசாமி பிள்ளை 1873ஆம் ஆண்டில் நிறுவிய ஸ்ரீ மகாமாரியம்மன் கோவில் அமைந்துள்ளது. தைப்பூசத்திற்கு முன்பு பத்துமலையை நோக்கிச் செல்லும் வெள்ளி இரதம் இங்கிருந்து புறப்படுகிறது. மாரியம்மனின் முகவரியில் சீனத் தலைவரின் பெயர் இருப்பதை மலேசியர் எவரும் விந்தையாகக் கருதுவதில்லை.

இன்னும் சற்றுத் தொலைவில் ஜாலான் துன் எச்.எஸ். லீயை ஜாலான் துன் டான் செங் லோக் சந்திக்கிறது. டான் செங் லோக் 1949ஆம் ஆண்டில் மலாயாச் சீனர் சங்கத்தின் முதல் தலைவரானவர்; எச்.எஸ். லீ அச்சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். இருவரும் வாழ்ந்த காலத்தில் கூட்டங்களில் சந்தித்தார்கள். இப்போது போக்குவரத்து விளக்கின் கீழ் சந்திக்கிறார்கள். எச்.எஸ். லீக்குப் பிறகு நிதியமைச்சரானவர் டான் செங் லோக்கின் மகன் டான் சியூ சின். அவர் பெயரிலும் அருகிலேயே ஒரு சாலை இருக்கிறது. அதன் முந்திய பெயர் ஜாலான் சீலாங். 'சீலாங்' என்றால் குறுக்கு என்று பொருள்.

சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால்

பெயர்களைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும்போது வேறு வகையான வேடிக்கை பிறக்கிறது. ஜாலான் ராஜா லாவுட் என்பதில் 'லாவுட்' கடலைக் குறிக்கும். கடலே இல்லாத கோலாலம்பூரில் 'கடலரசன் சாலை' எவ்வாறு வந்தது? உண்மையில் அது சிலாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா லாவுட் என்பவரின் பெயராகும். சங்காட் புக்கிட் பிந்தாங் என்னும் தெருவின் பெயரிலோ மலை இரண்டு முறை வருகிறது. 'சங்காட்' என்றாலும் குன்று. 'புக்கிட்' என்றாலும் குன்று. 'பிந்தாங்' விண்மீனைக் குறிக்கும். ஒரு விண்மீனைத் தாங்க இரண்டு குன்றுகள்! தமிழில் 'நடுச்சென்டர்' என்று சிலர் பேச்சில் சொல்வதைப் போன்றது இது.

கிள்ளான் நகரின் 'லிட்டில் இந்தியா' ஜாலான் தெங்கு கெலானாவில் அமைந்துள்ளது. 'கெலானா' என்னும் மலாய்ச் சொல் ஊர்சுற்றும் பயணியைக் குறிக்கும். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஜாலான் ஸ்டேசனும் கிள்ளான் இரயில் நிலையமும் இருக்கின்றன. பயணிக்கு இதைவிடப் பொருத்தமான அண்டைவீடு கிடைக்குமா?

குடியிருப்புப் பகுதிகளில் ஒரே கருப்பொருளைக் கொண்டு எல்லாச் சாலைகளுக்கும் பெயர் சூட்டுவதுண்டு. பழைய கிள்ளான் சாலைக்கு அருகிலுள்ள தாமான் ஓவர்சீஸ் யூனியனில் மழையும் மேகமும் கருப்பொருள். ஜாலான் ஹூஜான் எமாஸ் என்றால் பொன்மழைச் சாலை. ஜாலான் ஹூஜான் ரஹ்மாட் என்றால் அருள்மழைச் சாலை. ஜாலான் அவான் ஹிஜாவ் என்றால் பச்சை மேகச் சாலை. 'பெரிய மேகம்' என்று பொருள்படும் அவான் பெசார் என்னும் இரயில் நிலையமும் உண்டு. அயல்நாட்டில் பொன்மழை பொழிந்தாலும் சொந்த நாட்டில் கல்மழை பொழிந்தாலும் சொந்த நாடே மேல் என்பது மலாய்ப் பழமொழி. இந்தக் குடியிருப்பிலோ பொன்மழை சொந்த நாட்டிலேயே பொழிகிறது. 'மகிழ்ச்சிப் பூங்கா' என்று பொருள்படும் தாமான் கெம்பிராவில் ஜாலான் லாசாட், ஜாலான் ஞாமான் போன்ற சாலைகள் உள்ளன. முன்னது சுவை, பின்னது இதம்.

பெட்டாலிங் ஜெயாவில் இந்த இன்பம் குறைவு. கணக்குப் பாடம் அதிகம். அங்கே ஜாலான் 14/20 என்றால் 14ஆம் பிரிவின் 20ஆம் சாலை. முதல் எண் வட்டாரத்தையும் இரண்டாம் எண் சாலையையும் காட்டுகின்றன. முறையை அறிந்தவருக்கு இது மிக எளிது. அறியாதவருக்கோ 14/20ஐயும் 14/22ஐயும் கூட்டிச் சொல்லுமாறு யாரோ தேர்வு வைத்தது போல இருக்கும்.

சிரிப்புக்குப் பின்னால்

சந்திப்புப் பெயர்கள் வேடிக்கைக்காக மட்டும் பயன்படுவதில்லை. ஒரு சாலை பல கிலோமீட்டர் நீளமுடையதாக இருக்கலாம். அதன் பெயரை மட்டும் சொன்னால் இடம் விளங்காது. குறுக்கே வரும் சாலையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் இடம் ஒரே புள்ளியாகிவிடும். கணிதப் பாடத்தில் இரண்டு அச்சுகளின் மதிப்புகளைக் கொண்டு ஒரு புள்ளியைக் குறிப்பதைப் போன்றதே இது. விபத்தைக் கண்டு 999ஐ அழைப்பவர், "ஜாலான் சுல்தானில்" என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? நகரில் ஜாலான் சுல்தான் இருக்கிறது. ஜாலான் சுல்தான் இஸ்மாயில், ஜாலான் சுல்தான் ஹிஷாமுடின், ஜாலான் சுல்தான் அப்துல் சமாட் ஆகியனவும் இருக்கின்றன. அரைகுறையாகச் சொன்ன பெயர் உதவியை வேறிடத்திற்கு அனுப்பிவிடக்கூடும். முழுப் பெயரையும் அருகிலுள்ள சந்திப்பையும் சொல்லப் பழகியவர் ஓர் உயிரைக் காக்கலாம்.

ஓர் எழுத்து மாறினாலும் ஆள் மாறிவிடுவார். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் முதல் பிரதமரின் பெயரைத் தாங்கியது என்று பலர் எண்ணுகிறார்கள். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். சாலைப் பெயரில் இருப்பவரோ முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான். பத்து ரோடு என்று முதியவர்கள் இன்றும் குறிப்பிடுவதும் இதே சாலையைத்தான். தாத்தா சொல்லும் பெயரும் கைப்பேசி வரைபடம் காட்டும் பெயரும் ஒன்றே என்று அறியாத பேரப்பிள்ளை, அதே சாலையில் நின்றுகொண்டு வழி தேடுவதும் உண்டு.

பெயர் மாற்றத்தைப் பற்றி மக்களிடையே இரு வகையான கருத்துகள் உள்ளன. நாட்டுக்கு உழைத்தவர்களைப் புதிய பெயர்கள் நினைவூட்டுகின்றன என்பர் சிலர். பழைய பெயரோடு ஓர் இடத்தின் கதையும் மறைந்துபோகிறது என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. மவுண்ட்பேட்டன் இருந்த இடத்தில் துன் பேராக் வந்தது நாட்டின் தன்மதிப்புக்குத் தேவையாக இருந்தது. அதே வேளையில், பிரிக்பீல்ட்ஸ் சாலை என்னும் பெயர் நீங்கியதும், செங்கல் சூளைகளைப் பற்றிய நினைவை வட்டாரத்தின் பெயர் மட்டுமே சுமந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெயரும் மாறினால், நகரம் எதனால் கட்டப்பட்டது என்பதை ஒரு பலகையும் சொல்லாது.

பலகையில் ஏறாத பெயர்களையும் எண்ணிப் பார்ப்பது நன்று. நகர மையத்தின் சாலைகளில் அரசர்கள், வீரர்கள், அமைச்சர்கள், செல்வந்தர்கள் ஆகியோரின் பெயர்கள் மிகுதி. பெண்களின் பெயர்கள் மிகக் குறைவு. ஜாலான் டாங் வாங்கி அவற்றுள் ஒன்று. சூளையில் மண் பிசைந்தவர்கள், தண்டவாளம் பதித்தவர்கள், சாலைக்குக் கல் உடைத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களுள் பலர் தமிழர்கள். துன் சம்பந்தனின் பெயர் அப்பலகையில் இருப்பது, அவர் எந்த மக்களின் பத்து வெள்ளிச் சேமிப்புகளை ஒன்றுதிரட்டினாரோ அந்த மக்களையும் சேர்த்தே நினைவூட்ட வேண்டும்.

வீட்டுக்கு அருகிலுள்ள சந்திப்பிலிருந்தே இந்தத் தேடலைத் தொடங்கலாம். அங்கே எந்த இரண்டு பெயர்கள் கூடுகின்றன? அவை மனிதர்களின் பெயர்களா, ஊர்களின் பெயர்களா, பூக்களின் பெயர்களா? அவற்றின் பொருள் என்ன? அவற்றுக்கு முந்திய பெயர்கள் எவை? முதல் மூன்று கேள்விகளுக்கும் அகராதியும் வரைபடமும் உதவும். கடைசிக் கேள்விக்கு அந்த வட்டாரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த முதியவர்களே விடை சொல்ல முடியும். அவர்கள் சொல்லும்போதே கேட்டுக் குறித்து வைப்பது இளையோரின் கடமையாகும்.